தொப்பிக்கடைக்காரியும் வக்கீலும் என் மனைவியும்

தியேட்டரில் வேலை என்றால் சும்மா இருந்து படம் பார்க்கிற வேலை என்று நினைக்கிற சொந்தக்காரர் ஒருவராவது உங்களுக்கு இருந்தால், நீங்கள் என் கட்சி. வாருங்கள், பக்கத்தில் இருங்கள். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். தியேட்டரில் வேலை செய்கிறவன் சிந்தின பொப்கோர்னைக் கூட்டுவான், கோப்பி ஊற்றுவான், புரொஜெக்டரைப் போட்டுவிட்டு ஓடி வருவான், கழிப்பறையில் கடதாசி மாற்றுவான், ஆட்கள் மறந்துவிட்டுப் போன ஒற்றைக் கையுறைகளைப் பெட்டியில் போட்டு வைப்பான். படத்தில் அவனுக்குக் கிடைப்பது கதவிடுக்கால் வருகிற சத்தம் மட்டும்தான்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்ததில் என் கெட்டித்தனம் எதுவும் இல்லை. ஓல்போர்க்கில் ஒரு மீன் தொழிற்சாலையில் வருடக்கணக்காகப் பெட்டி தூக்கி முதுகு போய்விட்டது. முழுநேரம் உழைக்க உடம்பு இடம் கொடாதவர்களுக்கு கொம்யூன் என்கிற நகரசபை பார்த்துக் கொடுக்கிற குறைநேர வேலைக்கு இங்கே ஃப்ளெக்ஸ்ஜொப் என்று பெயர். கொம்யூன் அலுவலகத்தில் இருந்த பெண் என்னைப் பார்த்து, "உனக்கு என்ன பிடிக்கும்?" என்று கேட்டாள். டென்மார்க்குக்கு வந்த நாளிலிருந்து யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. பதறிப்போய், "படம்" என்று சொல்லிவிட்டேன். நான் நினைத்தது எங்கள் படங்களை. அவள் அனுப்பி வைத்தது ஊரின் ஓரத்தில் இருக்கும் ஒரு சின்னத் தியேட்டருக்கு.

அங்கே பொறுப்பாளர் பென்டெ என்ற பெண். வியாழக்கிழமை காலைகளில் ஓய்வூதியக்காரருக்கு என்று ஒரு காட்சி போடுவோம். கோப்பியும் வெண்ணெய் பூசிய பணிசும் டிக்கெட்டோடு சேர்த்தி. புதுப்படம் போட்டால் பாதிக் கதிரை காலியாகக் கிடக்கும். ஒரே ஒரு படத்துக்கு மட்டும் மண்டபம் நிரம்பிவிடும். அது ஒரு கறுப்பு வெள்ளை ஹொலிவூட் படம். காதலும் பகிடியும் கலந்தது. என் தகப்பனார் அரைக் காற்சட்டை போட்ட காலத்தில் எடுத்தது. நியூயோர்க்கில் மழை கொட்டுகிறது. ஒரு தொப்பிக்கடைக்காரியும் ஒரு வக்கீலும் ஒரே டாக்சிக்குள் ஆளுக்கொரு கதவால் ஏறி, "இது என் டாக்சி" என்று சண்டையைத் தொடங்குகிறார்கள். கடைசியில் முத்தம் வரும்வரைக்கும் அந்தச் சண்டைதான் படம். மாசி, பங்குனி மாதங்களில் வாராவாரம் அதையே போடச் சொல்லிக் கேட்பார்கள், நாங்களும் போடுவோம்.

இந்த வருடம் அந்தப் படம் ஓடிக்கொண்டிருந்த வாரங்களில்தான், என் மனைவி என்னை விட்டு, தலைநகர்ப் பக்கம் இருக்கிற டோஸ்ட்ருப்புக்குப் போவதா இல்லையா என்று யோசித்துக்கொண்டிருந்தாள். ஆகையால் தியேட்டர்க் கதையும் வீட்டுக் கதையும் கலந்துதான் வரும். பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

நடுவில் ஓர் ஆள்

குணம் அண்ணை என்னோடு தொழிற்சாலையில் வேலை செய்தவர். எங்கள் சனத்துக்குள் பாதிக் கலியாணங்கள் அவர் பேசிப் பொருத்தினவை. ஒருநாள் அவருக்கு ஓசி டிக்கெட் ஒன்று கொடுத்து உள்ளே விட்டேன். தடித்த குளிர்ச்சட்டையைக் கழற்றாமல், டேனிஷ் கிழவிகளுக்கு நடுவில் போய் இருந்தார். கொஞ்ச நேரத்தில் எழும்பி வெளியே வந்து, "இதில வில்லன் ஆர்?" என்று கேட்டார். வில்லன் இல்லை என்றேன். திரும்பிப் போனார். மறுபடி வந்தார். "பெட்டையின்ர தாய் தேப்பன் எப்ப வருவினம்?" அவர்களும் வரமாட்டார்கள் என்றேன். "பாட்டு?" அதுவும் இல்லை என்றேன். பாட்டுகளை நான்தான் வெட்டி வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டேன் என்பதுபோல என்னை ஒரு பார்வை பார்த்தார்.

படம் முடிந்தது. கிழவிகள் கண்ணைத் துடைத்துக்கொண்டும் சிரித்துக்கொண்டும் வந்தார்கள். குணம் அண்ணை மிச்சப் பணிசைச் சாப்பிட்டபடி வந்தார். படத்தை நானே எடுத்தவன் மாதிரி, "எப்பிடி அண்ணை?" என்று கேட்டேன். அவர் ஒரு சாதகக் குறிப்பைக் கையில் வாங்கிப் பொருத்தம் பார்க்கிற நிதானத்தோடு யோசித்துவிட்டுச் சொன்னார்: "படம் பிழையில்லை. ஆனா நடுவில என்னைப்போல ஒரு ஆள் நிண்டிருந்தால், அந்த டாக்சி சந்தியைத் தாண்ட முதல் விசயத்தை முடிச்சிருப்பன்."

உம்மட இஷ்டம்

என் மனைவி சாந்தி ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறாள். அவளுடைய தங்கை குடும்பம் டோஸ்ட்ருப்பில் இருக்கிறது. அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் சாந்திக்கு நல்ல இடம் ஒன்று கிடைத்தது. கிழமை நாட்களில் தங்கை வீட்டில் நின்று வேலைக்குப் போகலாம், சனி ஞாயிறு ரெயில் ஏறி ஓல்போர்க்குக்கு வரலாம் என்று அவள் சொன்னாள். பங்குனி முடிய முதல் பதில் சொல்லவேண்டுமாம். நான் அப்போது டிவியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தேன். "ம்" என்றேன்.

"நான் போகட்டோ?" என்று கேட்டாள். எனக்குள் ஒரு பெருந்தன்மை பொங்கிக்கொண்டு வந்தது. மனைவியின் சுதந்திரத்தை மதிக்கிற நவீனக் கணவன் எப்படிப் பேசுவானோ அப்படி, "உம்மட இஷ்டம்" என்றேன். டிவிச் சத்தத்தைக்கூட ஒரு புள்ளி குறைத்தேன். அதை அவள் கவனித்திருப்பாள் என்று நம்பினேன்.

எங்கள் வீட்டில் சண்டையே கிடையாது. நாலு பேர் கூடுகிற இடத்தில் இதை நான் பெருமையாகச் சொல்வதுண்டு. சோறு ஃபிரிட்ஜில் இருக்கிறது, உடுப்பு மெசினில் கிடக்கிறது, நாளைக்குக் காலை டியூட்டி. எங்களுக்குள் பேச்சு இவ்வளவுதான். மகன் ஓகூஸ் நகரத்துக்குப் படிக்கப் போனபிறகு அதிலும் பாதி செல்பேசிச் செய்தியாகிவிட்டது. ஒரே வீட்டுக்குள் இருந்து, குசினியிலிருந்து ஹோலுக்கு அனுப்பிக்கொள்வோம். இப்படி ஒரு சமாதானமான வீட்டை விட்டு ஒருத்திக்குப் போக மனம் வருமா என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோது, சாந்தி கதவடியில் நின்று சொன்னாள்: "உம்மட இஷ்டம் எண்டு சொல்லுறதுக்கு ஒரு புருசன் வேணுமே? அதைக் கொம்யூனே வடிவாச் சொல்லுது."

ஒன்றும் நடக்காத படம்

உண்மை பேசுகிற பழக்கம் வியாபாரத்துக்கு ஆகாது. ஒரு வியாழக்கிழமை ஸ்வென்ட் என்று ஓர் உயரமான கிழவர் முதல்தரமாக வந்து, கவுண்டரில் குனிந்து, "படம் நல்லதா?" என்று கேட்டார். இந்த நாட்டில் எல்லாவற்றையும் நேரே சொல்லவேண்டும் என்று எனக்கு வகுப்பில் படிப்பித்திருக்கிறார்கள். அதனால் நேரே சொன்னேன்: "இரண்டு பேர் ஒன்றரை மணித்தியாலம் வாக்குவாதப்படுகிறார்கள். வேறு ஒன்றும் நடக்காது. பக்கத்து ஊரில் ஒரு போர்ப்படம் ஓடுகிறது, அது நல்லது." எனக்குப் பின்னால் பென்டெ கோப்பிப் போத்தலை மேசையில் வைத்த சத்தத்திலேயே, நான் ஏதோ பிழை விட்டுவிட்டேன் என்று விளங்கியது.

"எதைப் பற்றி வாக்குவாதம்?" என்று கிழவர் கேட்டார். எல்லாவற்றையும் பற்றி என்றேன். டாக்சி, மழை, தொப்பி, முட்டையை எவ்வளவு நேரம் அவிப்பது, எல்லாம். "முட்டையைப் பற்றியுமா?" என்றார். ஓம், அதற்கென்று ஒரு நீளமான காட்சியே இருக்கிறது என்று சலிப்போடு சொன்னேன். அவர் கவுண்டரில் கையை ஊன்றிக்கொண்டு சொன்னார்: "என் மனைவியும் நானும் காலையில் முட்டையைப் பற்றித்தான் சண்டை போடுவோம். அவள் செத்தபிறகு முட்டை என் விருப்பப்படிதான் அவிகிறது, வாயில் வைக்க முடியவில்லை. ஒரு டிக்கெட் கொடு."

வலது கையா, இடது கையா

முன் வரிசையில் எப்போதும் இருக்கிற தம்பதி, இங்கெர் என்ற மனுசியும் போல் என்ற அவளுடைய புருசனும். இந்தப் படத்தை இளமையில் ஒன்றாகப் பார்த்தவர்கள். அன்றிலிருந்து ஒரே விசயத்தில் இரண்டுபட்டிருக்கிறார்கள். மழையில் வக்கீல் தொப்பிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது அது வலது கையிலா, இடது கையிலா? அந்தக் காட்சிக்கு முதலே வாக்குவாதம் தொடங்கிவிடும். காட்சி வரும்போது இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக் கத்திக்கொண்டிருப்பதால் திரையைப் பார்ப்பதில்லை. அதனால் அடுத்த வாரமும் வரவேண்டியிருக்கிறது.

மற்றவர்கள் முறைப்பாடு சொன்னதால் பென்டெ என்னை டோர்ச் லைட்டோடு அனுப்பினாள். நான் மெதுவாகப் போய், மரியாதையாகக் குனிந்து, "தயவுசெய்து..." என்று தொடங்கினேன். அந்த நேரம் பார்த்து முதுகு பிடித்துக்கொண்டது. நிமிர முடியவில்லை. கும்பிடு போடுகிறவன்போல இரண்டு பேருக்கும் முன்னால் வளைந்து நின்றேன். அவர்கள் சண்டையை நிறுத்திவிட்டு ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்து என்னைத் தங்களுக்கு நடுவில் இருத்தினார்கள். இருத்திய உடனே இங்கெர், "நீதானே படத்தை ஓட்டுகிறவன், நீ சொல், வலதா இடதா?" என்று கேட்டாள். நான் கவனிக்கவில்லை என்றேன். "இத்தனை வாரமும்?" ஓம், கவனிக்கவில்லை. "உனக்குக் கலியாணம் ஆகிவிட்டதா?" ஆகிவிட்டது என்றேன். அவள் என் தலைக்கு மேலால் புருசனைப் பார்த்துச் சொன்னாள்: "பார்த்தாயா போல், இந்த மாதிரி ஓர் ஆளைக் கட்டியிருந்தால் நான் எவ்வளவு அமைதியாகச் செத்துப்போயிருப்பேன்."

உப்பு

அன்று பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது ஒரு முடிவுக்கு வந்தேன். சண்டை பிடித்துப் பார்ப்போம். எண்பது வருடமாக ஒரு படம் அதை வைத்துப் பிழைக்கிறதென்றால் அதில் ஏதோ இருக்கவேண்டும். இரவுச் சாப்பாட்டில் நல்ல மீன்குழம்பு. ஒரு வாய் வைத்தேன், அருமையாக இருந்தது. மனச்சாட்சியைக் கொன்றுவிட்டு, "உப்புக் கூடிப்போச்சு" என்றேன். படத்தில் என்றால் தொப்பிக்கடைக்காரி இதற்கு ஒன்பது பதில் வைத்திருப்பாள். சாந்தி, "அப்பிடியே? நாளைக்குக் குறைச்சுப் போடுறன்" என்று சொல்லிவிட்டு, குழம்பை எடுத்துக்கொண்டு போய் எனக்கு ஒரு முட்டை பொரித்து வைத்தாள். அந்தக் குழம்பை அவள் குசினியில் நின்று ரசித்துச் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு நான் முட்டையைத் தின்றேன்.

அடுத்த நாள் அவளுடைய கம்பளித் தொப்பியில் பிடித்தேன். அவள் டியூட்டிக்கு வெளிக்கிடும்போது, "இந்தத் தொப்பி உமக்குச் சரிவரேல்லை" என்றேன். வக்கீல் படத்தில் சொல்லுகிற அதே தோரணையில் புருவத்தையும் தூக்கினேன். "கண்ணுக்கை ஏதும் விழுந்திட்டுதோ?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

மனம் பொறுக்காமல் மகன் கவினுக்குத் தொலைபேசி எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவன் இங்கே பிறந்தவன். நான் தமிழில் கேட்டால் டேனிஷில் பதில் சொல்லுவான். அம்மா டோஸ்ட்ருப்புக்குப் போக யோசிப்பது அவனுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. என்னை விட அவனோடு அவள் அதிகம் பேசியிருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவன் டேனிஷில் மிகவும் பொறுமையாகச் சொன்னான்: "அப்பா, அது சண்டை இல்லை, வாடிக்கையாளர் முறைப்பாடு. அம்மாவும் அதற்குத் தகுந்த மாதிரித்தான் சேவை செய்திருக்கிறா."

கதிரையில் இருந்து பார்த்தால்

அடுத்த வியாழக்கிழமை பென்டெ நான் கூட்டிக்கொண்டிருந்த தும்புத்தடியைப் பிடுங்கினாள். "போய் இருந்து பார். புரொஜெக்டர் தானாக ஓடும், உன் முகத்தைக் கவுண்டரில் வைத்திருந்தால் கோப்பி ஆறிவிடுகிறது" என்றாள். ஓர வரிசையில் ஒரு கதிரையில் போய் இருந்தேன். வேலைக்குச் சேர்ந்தபிறகு அந்தப் படத்தை நான் முதலிலிருந்து கடைசிவரை பார்த்தது அன்றுதான்.

கதை என்று பெரிதாக ஒன்றும் இல்லை, நான் ஸ்வென்டுக்குச் சொன்னது சரிதான். ஆனால் தொப்பிக்கடைக்காரி படத்தின் தொடக்கத்தில் டாக்சிக்குள் இருந்து, வேறு எதையோ பேசும்போது, லில்லிப்பூவின் மணம் தனக்குத் தலையிடி என்று சொல்லிவிடுகிறாள். வெகுநேரம் கழித்து வக்கீல் பூக்கடையில் ஒரு பூங்கொத்து வாங்குகிறான். வாங்கியவன், பேசாமல், அதிலிருக்கும் லில்லிகளை ஒவ்வொன்றாக உருவிக் கடைக்காரனிடமே திருப்பிக் கொடுக்கிறான். மண்டபம் முழுக்க ஒரு சின்னச் சிரிப்பு ஓடியது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் அவளோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் அவள் சொன்னதைக் கேட்டுக்கொண்டும் இருந்திருக்கிறான். அந்தப் படத்தில் ஒருவர் சொன்ன சொல்லை மற்றவர் கீழே விழ விடுவதில்லை. சனிக்கிழமைகளில் எங்கள் ஆட்கள் மண்டபம் எடுத்து பட்மின்ரன் விளையாடுவார்களே, அந்த மாதிரி எடுத்து எடுத்து அடிக்கிறார்கள். வீட்டில் நான் மட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, பந்து காலடியில் விழுவதைப் பார்த்து "ம்" சொல்லிக்கொண்டு நின்றிருக்கிறேன். சாந்திக்கு எந்தப் பூ பிடிக்காது என்று யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை. பிடித்த பூவும் தெரியவில்லை.

எனக்குப் பயம் பிடித்துவிட்டது. அவள் போய்விடுவாளே என்பது ஒரு பயம். போனபிறகு வீட்டில் என்ன குறைந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியாமல் போய்விடுமோ என்பது அதைவிடப் பெரிய பயம். விளக்குப் போட்டதும் பென்டெ வந்து, "என்ன, அழுகிறாயா?" என்று கேட்டாள். முதுகு நோ என்றேன். அவள் ஒரு கடதாசித் துவாயை நீட்டிக்கொண்டு சொன்னாள்: "உன் முதுகு ஏன் பூக்கடைக் காட்சியில் மட்டும் நோகிறது?"

முத்தம் வந்த நேரம்

அன்று பின்னேரம் சாந்தியிடம், "வாற வியாழன் தியேட்டருக்கு வாரும்" என்றேன். "ஏன், கூட்டித் துடைக்க ஆள் இல்லையோ?" என்று கேட்டாள். படம் பார்க்க என்றேன். என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். "வெள்ளிக்கிழமை டோஸ்ட்ருப்புக்குப் பதில் சொல்லவேணும்" என்றாள். அது வெள்ளிக்கிழமைதானே என்றேன். என்னைக் கடந்து குசினிக்குள் போனாள். ஆனால் வியாழக்கிழமை காலையில், இரவு டியூட்டி முடிந்த கையோடு, கம்பளித் தொப்பியும் வேலைச் சப்பாத்துமாக வந்து நின்றாள். பென்டெ தானே கோப்பி ஊற்றிக் கொடுத்து அவளை நடு வரிசையில் இருத்தினாள்.

நான் மேலே ஓட்டுகிற அறையில், சின்னக் கண்ணாடி யன்னலால் அவளுடைய தலையின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். டாக்சிக் காட்சியில் அவள் அசையவில்லை. நித்திரையாகிவிட்டாளோ என்று நினைத்தேன். முட்டைக் காட்சியில் அவளுடைய தோள் குலுங்கியது. பூக்கடையில் கொஞ்சம் முன்னால் சாய்ந்து இருந்தாள். நான் மூக்கைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டேன். கடைசி மழை வந்தது. வக்கீல் தொப்பிப் பெட்டியைக் கீழே வைத்தான். இரண்டு முகங்களும் கிட்டக் கிட்ட வந்தன.

வாசகர்களே, உங்கள் வீட்டிலும் இதுதான் நடந்திருக்கும் என்று நம்பித்தான் சொல்கிறேன். பிள்ளை சின்னவனாக இருந்த காலத்தில், குடும்பமாக டிவி பார்க்கும்போது திரையில் இரண்டு முகங்கள் கிட்ட வந்தால், தாய் குசினிக்குள் ஏதோ அடிப்பிடிக்கிறது என்று எழும்பி ஓடுவாள். தகப்பனின் கடமை ரிமோட். டென்மார்க் டிவியில் இது அடிக்கடி வரும் என்பதால் என் பெருவிரல் நல்ல தேர்ச்சி பெற்றிருந்தது. எத்தனையோ காதலர்களை நான் நடுவில் வெட்டி வானிலை அறிக்கைக்குக் கொண்டுபோயிருக்கிறேன். இப்போது அதே சாந்தி முன்னால் இருக்கிறாள், அதே மாதிரி இரண்டு முகங்கள் வருகின்றன. பெருவிரல் என்னைக் கேட்கவில்லை. புரொஜெக்டரின் வெளிச்சத்தை மூடுகிற பொத்தானை அமத்திவிட்டது.

மண்டபம் இருண்டது. மழைச் சத்தமும் வயலினும் மட்டும் கேட்டன. ஒன்றரை மணித்தியாலம் அந்த ஒன்றுக்காகக் காத்திருந்த ஓய்வூதியக்காரர்கள் முதலில் திகைத்தார்கள், பிறகு ஒன்றாகச் சத்தம் போட்டார்கள். நான் பதறி வேறு பொத்தான்களை அமத்த, மண்டபத்து விளக்குகள் எரிந்து, திரைச்சீலையும் மெதுவாக மூடிக்கொண்டது. பென்டெ மூச்சு வாங்க மேலே ஓடி வந்து, "என்ன நடந்தது?" என்று கேட்டாள். "என் மனைவி கீழே இருக்கிறாள்" என்றேன். பென்டெ யன்னலைத் திறந்து முழு மண்டபத்துக்கும் அறிவித்தாள்: இயந்திரத்தில் பிழை இல்லை, எங்கள் ஆளின் மனைவி இன்றைக்கு வந்திருக்கிறா, அதனால் வெட்கப்பட்டு முத்தத்தை மறைத்துவிட்டான்.

எல்லாத் தலைகளும் சாந்தியைத் தேடித் திரும்பின. அவள் தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டாள். அதற்குள்ளிருந்து ஒரு சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்து, முடியாமல், மூக்கால் ஒரு சத்தம் போட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவளுடைய சிரிப்பில் அப்படி ஒரு மூக்குச் சத்தம் இருப்பதை நான் மறந்தே போயிருந்தேன். அவளுக்குப் பின் வரிசையில் இருந்த ஸ்வென்ட், யன்னலை நிமிர்ந்து பார்த்து உரத்துச் சொன்னார்: "பின்னுக்கு ஓட்டு. இவளைப் பார்த்தால் பதினெட்டுத் தாண்டினவள் போலத்தான் இருக்கிறது."

பஸ் தரிப்பில்

முத்தத்தை மறுபடி போட்டு, எல்லோரையும் அனுப்பி, பணிசுத் துண்டுகளைக் கூட்டிவிட்டு வெளியே வந்தேன். சாந்தி பஸ் தரிப்பில் நின்றாள். சிரிப்பெல்லாம் முடிந்திருந்தது. "மானத்தை வாங்கிப்போட்டீங்கள். அதில என்ர இல்லத்தில இருக்கிற மனுசியின்ர தங்கச்சியும் இருந்தவ. நாளைக்கு நான் எந்த முகத்தோட போறது?" என்றாள். வழக்கமாக என்றால் இந்த இடத்தில் நான் பஸ் வருகிறதா என்று பார்ப்பேன். அன்று, "முகத்தைத்தான் தொப்பியால மூடிப்போட்டீரே" என்றேன். அவள் திரும்பி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அந்தத் தொப்பிதான் எனக்குச் சரிவரேல்லையே" என்றாள். "இண்டைக்குச் சரிவந்தது" என்றேன். பஸ் வந்து, கதவைத் திறந்து, கொஞ்சம் பார்த்துவிட்டுப் போய்விட்டது.

"போகாதையும்" என்றேன். பஸ்ஸைச் சொல்லவில்லை என்று அவளுக்கு விளங்கியது. "ஏன்?" என்று கேட்டாள். இவ்வளவு காலம் நவீனக் கணவனாக இருந்தவனுக்கு ஒரு காரணம் சொல்லத் தெரியவில்லை. ரெயில் அடிக்கடி பிந்தும் என்றேன். அது தன் பாடு என்றாள். தங்கை வீட்டில் இடம் காணாது என்றேன். என்னிடத்தில் இருப்பதைவிட அங்கே இடம் கூட என்றாள். கடைசியில் உள்ளதைச் சொன்னேன்: "நீர் போனா நான் ஆரோட கதைக்கிறது?" அவள் சத்தம் போடவில்லை, மெதுவாகத்தான் கேட்டாள்: "நான் இருக்கேக்க ஆரோட கதைச்சனீங்கள்?"

வக்கீலுக்கு எழுதிக் கொடுக்க ஒரு ஆள் இருந்திருப்பார்; எனக்கு யார் இருக்கிறார்கள்? பிறகு வாயில் வந்ததைச் சொன்னேன். "அதைத்தான் சொல்லுறன். நான் இன்னும் தொடங்கவேயில்லை. தொடங்க முதல் போறீர்." சொல்லிவிட்டு அழுதுவிட்டேன். முதுகு நோ என்று சொன்னால் நம்பமாட்டாள் என்பதால் சொல்லவில்லை. சாந்தி நடக்கத் தொடங்கினாள். நானும் நடந்தேன். அடுத்த தரிப்புக்குக் கிட்டப் போனபோது, அந்த வக்கீல் அந்தத் தொப்பிக்கடைக்காரிக்கு ஏற்ற ஆளில்லை, வாய் கூடிப்போச்சு என்றாள். ஏற்ற ஆள்தான் என்றேன். இல்லை என்றாள். வீடு வரைக்கும் அப்படியே போய்ச் சேர்ந்தோம். வழியில் இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டோம்.

வெள்ளிக்கிழமை காலை நான் பல்லுத் தீட்டிக்கொண்டிருந்தேன். சாந்தி குசினியில் நின்று தங்கையோடு தொலைபேசியில் கதைப்பது கேட்டது. நான் தண்ணீரை நிறுத்திவிட்டு, வாயில் நுரையோடு அசையாமல் நின்றேன். முதலில் அந்தப் பக்கத்துப் பேச்சை வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, நான் கேட்கவேண்டும் என்றே கொஞ்சம் உரத்துச் சொன்னாள்: "இல்லையடி, நான் வரேல்லை. இஞ்ச ஒரு வழக்குப் பாதியில நிக்குது."

ஒன்றரை மணித்தியாலத்தில் ஆடி முடிக்கவேண்டிய சண்டையை முப்பது வருடம் தள்ளிப்போட்டவன் என்றபடியால், கொம்யூன் என்ன சொன்னாலும் எனக்கு இப்போது வீட்டில் முழுநேர வேலை.